பதினேழாம் வால்வு

ஊரின் பழைய பகுதியில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாரும் இல்லை. சாவிக்காரர் என்றால்தான் தெரியும். அந்தச் சாவி வீட்டுப் பூட்டைத் திறப்பதல்ல. ஐந்தடி நீள இரும்பு. உச்சியில் குறுக்குப் பிடி, அடியில் சதுரக் குழி. எடை பதினொன்றே கால் கிலோ. முப்பத்தெட்டு வருஷமாக அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறார். சாலையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, மண்ணுக்கடியில் உள்ள குடிநீர்க் குழாயின் வால்வைத் திருகுவார். இடஞ்சுழியாகத் திருகினால் திறக்கும். வலஞ்சுழியாகத் திருகினால் அடைக்கும். பழைய பகுதியில் அப்படி ஐம்பத்து மூன்று வால்வுகள். எது எத்தனை சுற்று, எது முரண்டு பிடிக்கும், எந்த மூடியின் மேல் யார் வண்டியை நிறுத்திவிட்டுத் தேட வைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சாவியோடு ஒரு கேட்புக் கம்பியும் வைத்திருப்பார். நாலடி எஃகுக் கம்பி, மேல் முனையில் மரக் குமிழ். கம்பியை வால்வின் தலையில் ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தால் குழாய்க்குள் நடப்பது கேட்கும். கசிவு என்றால் சீறும். ஓட்டம் என்றால் இரையும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி அதை அவர் காதில் வைத்தார். தரைக்குக் கீழே ஓர் ஊரே எழுந்து நடப்பது போலிருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் பல் துலக்குவதும், பாத்திரம் கழுவுவதும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஒரே இரைச்சலாக வந்து காதில் கொட்டியது. பத்தொன்பது வயதுப் பையன் அசந்து நின்றான்.

"வாயை மூடுடா, ஈ போயிடும்," என்றார் மேஸ்திரி.

வாயை மூடிக்கொண்டார். அந்த வியப்பு மட்டும் இந்த ஐம்பத்தேழு வயதிலும் குறையவில்லை.

குழாய்களின் அமைப்பு எளிது. மேற்கே குன்றின் மேல் ஒரு தொட்டி. அங்கிருந்து இறங்கும் பெரிய குழாய் பழைய பகுதியின் தலைமாட்டில் இரண்டாகப் பிரியும். ஊழியர்கள் பேச்சில் ஒன்று இடக் கை, மற்றொன்று வலக் கை. இரண்டும் பழைய பகுதியைக் குழந்தையை அணைப்பதுபோல் இரு பக்கமும் வளைத்துக்கொண்டு போய்க் கீழ்க்கோடியில் விரல் கோத்துக்கொள்ளும். வலக் கையின் விரல் நுனியில் இருப்பது பதினேழாம் வால்வு. இரு கைகளும் சேருமிடத்திலிருந்து இன்னொரு குழாய் புறநகருக்குப் புறப்படும். அந்தக் குழாயைப் போட்ட வருஷம்தான் அவரும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது புறநகர் என்பது நாற்பது வீடுகளும் அதைவிட அதிகமான நாய்களும்.

பிறகுதான் ஊர் நகரத் தொடங்கியது. கண்ணால் பார்க்க முடியாத அளவுக்கு மெதுவாக நகர்ந்தது. ஆனால் சாவிக்காரருக்கு மட்டும் தெரிந்தது. ஏனென்றால் வீடு காலி செய்கிறவர்கள் இணைப்பை மூட அவரிடம்தான் வருவார்கள். பெரிய அறைகளைத் தேடிப் பிள்ளைகுட்டிக்காரர்கள் முதலில் போனார்கள். பிள்ளைகள் போன இடத்துக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. பள்ளிக்கூடம் போனதால் மிச்சமிருந்த பிள்ளைகுட்டிக்காரர்களும் போனார்கள். செருப்புக் கடை போயிற்று, பல் டாக்டர் போனார், தியேட்டர் போயிற்று. யாரும் யாரையும் துரத்தவில்லை. அங்கே ஒரு வீட்டில் விளக்கெரிந்தால் இங்கே ஒரு வீட்டில் அணைந்தது, அவ்வளவுதான்.

இணைப்பை மூடும் விண்ணப்பத்தில் 'நிரந்தரமாக', 'தற்காலிகமாக' என்று இரண்டு கட்டங்கள். எல்லோரும் தற்காலிகத்தில்தான் குறி போட்டார்கள். "ஒரு வருஷம்தான், வந்துடுவோம்," என்பார்கள். வலக் கையில் ஒரு காலத்தில் 6,200 வீடுகள், இப்போது 214. மூடிய 5,986-இல் நிரந்தரம் என்று எழுதிப் போனவை நாற்பத்தொன்று. மனிதர்கள் ஓர் ஊரை விட்டுப் போகும்போது போகிறோம் என்றே தெரியாமல் போகிறார்கள் என்பது அவருக்கு ஒரு பெரிய அதிசயமாகவே இருந்தது.

அந்த 214-இல் ஒன்று அவருடைய வீடு. மனைவி இறந்த பிறகு அதில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அக்காவுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மகப்பேறு மருத்துவமனையில் முப்பது வருஷத்துக்கு மேலாக டெலிபோன் ஆபரேட்டர். வீட்டு வாசலிலிருந்து சுவிட்ச்போர்டு நாற்காலிக்கு அறுநூற்று நாற்பது எட்டு. யார் கையையும் பிடிக்காமல் போவார், வருவார். வழியில் யாராவது கை கொடுக்க வந்தால், "எங்க போகணும் உங்களுக்கு? நான் கொண்டு விடறேன்," என்பார்.

வலக் கையின் தண்ணீர் கெட ஆரம்பித்ததை முதலில் சொன்னதும் அக்காதான்.

"டேய், இந்தத் தண்ணி பழசுடா. ஆணியை வாயில போட்ட மாதிரி இருக்கு."

அலுவலகத்தின் புதிய பொறியாளர் ஓர் இளம்பெண். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறாயிரம் வீட்டுக்காகப் போட்ட குழாயில் இருநூறு வீடுகள் குடிக்கின்றன. குன்றிலிருந்து இறங்கும் தண்ணீர் வலக் கையின் கோடிக்கு வர ஏழரை நாள் ஆகிறது. அதற்குள் அதில் கலந்த குளோரின் செத்துவிடுகிறது, தண்ணீர் ஊசிப்போகிறது.

"ஏழரை பிடிச்சா சும்மா விடுமா, மேடம்?" என்றான் குட்டி. குட்டி என்பது சாவிக்காரரின் கூட்டாளி. ஆறடி இரண்டங்குலம், தொண்ணூற்றாறு கிலோ.

கோடியில் உள்ள கழிவுக் குழாயைத் திறந்து பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஓட விட்டார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் மறுபடி அதே வாசனை.

"பழைய குருடி கதவைத் திறடி கதைதான்," என்றார் அக்கா. "யாரோ என்னைக் கூப்பிடற மாதிரியே இருக்கு."

தண்ணீர் கெட்டதால் இன்னும் சிலர் போனார்கள். போனதால் தண்ணீர் இன்னும் நின்றது. நின்றதால் இன்னும் கெட்டது. கடைசியில் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: முப்பதாம் தேதி வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு வலக் கையைத் தலைமாட்டில் வெட்டி அடைத்துவிட வேண்டும். 214 வீடுகளுக்கும் ஆறு மாதம் லாரித் தண்ணீர். அதற்குள் எல்லோரும் புறநகரில் மாற்று வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

புறநகரில் சாவிக்காரரின் மகள் ஏற்கெனவே இருந்தாள். முப்பத்தொரு கிலோமீட்டர், இரண்டு பஸ். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் போய்ப் பார்த்தார்கள்.

"வாங்கப்பா, வாங்க அத்தை. எங்க வீட்டுக் குழாயைக் கொஞ்சம் திறந்து பாருங்க," என்றாள் மகள். திறந்தார். புஸ் என்று காற்று வந்தது. "தண்ணிக்கு ராஜா நீங்க. ராஜா பொண்ணு குடத்தைத் தூக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓடறா!"

சாயங்காலம் அவர் மொட்டை மாடியில் ஏறி நின்றார். விளக்குகள் ஏற்றப்படும் நேரம். கண்ணுக்கெட்டிய மட்டும் வீடுகள், அதற்கப்பாலும் வீடுகள். ஒரு ஜன்னல், பத்து, நூறு என்று ஒளி பரவிக்கொண்டே போயிற்று. பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கினார். அறுநூற்று முப்பதில் கணக்கு விட்டுப்போயிற்று. எதையும் எண்ணி முடிக்காமல் விட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. தாம் மூடிய ஐயாயிரத்துச் சொச்சம் வீடுகளும் இங்கேதான் எங்கோ எரிந்துகொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இந்தக் கூட்டத்தின் மேல் அவரால் கோபப்பட முடியவில்லை. சமுத்திரத்தின் மேல் யார் கோபப்பட முடியும்?

அக்கா கீழே வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே எட்டு வண்டிகள் சேர்ந்து போகும் அகலத்தில் சாலை. நடைபாதை இல்லை.

"என்னக்கா?"

"சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குடா. தெரு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு பிடிபடல." கேட்டை விடாமலே, "இங்க வந்தா நான் நல்லாத்தான் இருப்பேன். நாற்காலியில உக்காந்து நல்லாவே இருப்பேன்," என்றார்.

திரும்பி வரும்போது இரண்டு பஸ்ஸிலும் சாவிக்காரருக்கு ஒரே நினைப்புதான். அறுநூற்று நாற்பது எட்டு நடக்கும் பெண்பிள்ளையை ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்போகும் குழாயை, தம் கையாலேயே அடைக்க வேண்டும்.

வியாழக்கிழமை தலைமாட்டில் வெட்டுவதற்கு முன் வலக் கையின் வால்வுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். கீழ்க்கோடியிலிருந்து தொடங்குவது முறை. திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அவரும் குட்டியும் பதினேழாம் வால்வின் மூடியைத் தூக்கினார்கள். சாவியை இறக்கி ஆளுக்கொரு பக்கம் பிடியைப் பற்றி வலஞ்சுழியாகத் தள்ளினார்கள். நகரவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி தள்ளினார்கள். கிரீச் என்று ஒரு முனகல், பிறகு திரும்பியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாம் சுற்றில் குட்டி கையை எடுத்துவிட்டான்.

"அண்ணே, காலுக்குக் கீழ என்னவோ கத்துது."

கத்தியது. தரைக்கடியில் யாரோ பாறையை இழுத்துக்கொண்டு போவதுபோல் ஓர் இரைச்சல். சாலையோரம் தேங்கியிருந்த தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழும்பின. அடைபடும் வால்வு கடைசிச் சுற்றுகளில்தான் கத்தும். முதல் சுற்றுகளில் கத்துவது திறபடும் வால்வு. முப்பத்தெட்டு வருஷத் தொழிலில் இது அவருக்கு மாறிப்போனதே இல்லை.

கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். முதல் நாள் கேட்ட அதே ஊர். அதே நடை. அதைவிடப் பெரிது. ஒரு நிமிஷம் அவர் எங்கே நிற்கிறார் என்பதையே மறந்துபோனார்.

பிறகு சட்டென்று நினைவு வந்து பதறினார். "திருப்பு, திருப்பு! இந்தப் பக்கம் நிக்கிற பழைய தண்ணியெல்லாம் புறநகருக்குப் போகுது!" இருவரும் மூன்று சுற்றையும் இடஞ்சுழியாகத் திருப்பினார்கள். இரைச்சல் நின்றது.

டார்ச் அடித்து, குழிக்குள் கையை விட்டு, வால்வின் தலையை உளியால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்தது. வருஷத்துக்கு ஒரு பூச்சாக அவரே பூசியது. அடியில் இரும்பிலேயே வார்த்த ஓர் அம்புக்குறி இருந்தது. 'திறக்க' என்று அது வலப் பக்கம் காட்டியது. ஐம்பத்து மூன்றில் இது ஒன்று மட்டும் வேறு பட்டறையில் செய்த மாற்றுச் சுழி.

நடந்தது இப்போது அவருக்குக் கண்ணாடி போல் தெரிந்தது. புறநகர்க் குழாயை இணைத்தபோது மேஸ்திரி பதினேழை அடைத்திருந்தார். வேலை முடிந்ததும், "போய்ப் பதினேழைத் திறந்துட்டு வாடா," என்று புதுப் பையனை அனுப்பினார். பையன் இடப் பக்கம் திருகினான். அசையவில்லை. ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கிறது என்று முடிவு கட்டி, பதிவேட்டில் 'பதினேழு: முழுத் திறப்பு' என்று எழுதினான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சோதனையில் இடப் பக்கம் ஒரு தள்ளு, அசையாது, மறுபடி 'முழுத் திறப்பு'. மொத்தம் முப்பத்தெட்டு தடவை, அழகான கையெழுத்தில்.

யாருக்கும் ஏன் தெரியவில்லை என்பதுதான் அவரை மலைக்க வைத்தது. வலக் கை முட்டுச்சந்தாகிவிட்டது. ஆனால் ஆறாயிரம் வீடுகள் குடித்தபோது முட்டுச்சந்திலும் தண்ணீர் நிற்க நேரமில்லை. புறநகருக்கு ஒற்றைக் கையால்தான் தண்ணீர் போயிற்று. நாற்பது வீட்டுக்கு அதுவே மிச்சம். ஜனங்கள் இங்கிருந்து அங்கே போகப் போக, இங்கே தண்ணீர் நின்று கெட்டது, அங்கே போதாமல் காய்ந்தது. இரண்டு இடத்து நோவும் ஒரே மூடிய கதவின் இரண்டு பக்கம்.

"அண்ணே," என்றான் குட்டி, குரலைத் தாழ்த்தி. "கழிவுத் தண்ணியை ஓட விட்டுட்டு, சத்தம் போடாம திறந்து வச்சுட்டுப் போயிடலாம். யாருக்குத் தெரியும்?"

"வியாழக்கிழமை வெட்டுறாங்களே. வெட்டினப்புறம் திறந்து என்ன, மூடி என்ன?"

அவர் நேரே மருத்துவமனைக்குப் போனார். அக்கா சுவிட்ச்போர்டில் யாருக்கோ, "பெண் குழந்தைங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் தம்பியின் மூச்சை வைத்தே, "என்னடா ஓடி வந்தே?" என்றார். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப முப்பத்தெட்டு வருஷமா பொய் எழுதியிருக்கே."

"பொய் இல்லக்கா. தப்பு."

"படிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்கிட்ட ஏன்டா சொல்லிட்டு நிக்கிறே? எனக்குப் படிக்கவும் தெரியாது, குழாயை வெட்டாம நிறுத்தவும் தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு."

சொன்னார். பொறியாளர் முதலில் நம்பவில்லை. வந்து பெயின்ட் உரிந்த அம்புக்குறியைப் பார்த்தார். இரண்டு சுற்று திறக்கச் சொல்லிக் கம்பியில் காதை வைத்தார். வெகு நேரம் காதை எடுக்கவே இல்லை. எடுத்தபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு பெருசா இருக்கும்னு வரைபடத்தில தெரியலண்ணா," என்றார். அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தார்.

"மூடியிருந்துச்சுன்னு யார் சொல்றா?" என்று அதட்டும் குரல் வெளியே கேட்டது.

"திறந்திருக்குன்னு எழுதினவரே சொல்றார், சார்."

உத்தரவு ரத்தாகவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வலக் கையின் கடைசி வீட்டில் தண்ணீர் சோதனை. குளோரின் இருந்தால் வெட்டு ஒத்திவைப்பு, இல்லாவிட்டால் வெட்டு. அவ்வளவுதான் கிடைத்தது.

திங்கள் மத்தியானம் முதல் செவ்வாய் மத்தியானம் வரை கழிவுக் குழாயைத் திறந்து பழைய தண்ணீரைச் சாக்கடையில் விட்டார்கள். செவ்வாய் மூன்று மணிக்குப் பதினேழைத் திறந்தார்கள், வலஞ்சுழியாக நாற்பத்தாறு சுற்று. அதன் பிறகு தண்ணீர் குன்றிலிருந்து வலக் கை வழியாக இறங்கிப் புறநகருக்குப் பாய்ந்தது. வேகத்தில் குழாயின் பழைய துருவெல்லாம் கிளம்பி வலக் கை வீடுகளில் செம்பழுப்பாகக் கொட்டியது. ஜன்னல் ஜன்னலாக வசவு.

"சாவிக்காரரே, டீயை நீங்களே போட்டு அனுப்பறீங்களா?"

"சர்க்கரை பத்தல ஐயா, அடுத்த தடவை பார்த்துப் போடுங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். புதன் முழுவதும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, இங்க குழாய்ல காத்துக்குப் பதிலா தண்ணி வருது. கலங்கல்தான். ஆனா மாடிக்கு வருது! என்ன பண்ணீங்க?" என்ன பண்ணினேன் என்பதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை ஏழு ஐம்பதுக்கே மண் வெட்டும் இயந்திரம் வந்து தலைமாட்டுத் தெருவில் உறுமிக்கொண்டு நின்றது. "எட்டரைக்கு வெட்டணும்னு சீட்டு," என்றான் ஓட்டுநர். கடைசி வீட்டில் ஒரு தையல்கார அம்மாள். அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் தெளிவாக வந்தது. தெளிவு போதாது. பொறியாளர் விரலளவு கண்ணாடிக் குப்பியில் பிடித்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வர வேண்டும். நாற்பது விநாடி ஒன்றும் வரவில்லை. தையல்கார அம்மாள் குப்பியைப் பார்க்காமல் பொறியாளர் முகத்தையே பார்த்தாள். ஐம்பதாவது விநாடியில் அடியில் ஒரு நூல் போல் சிவந்தது. பிறகு குப்பி முழுவதும் பரவியது. அளவு பூஜ்யம் புள்ளி மூன்று. தேவை பூஜ்யம் புள்ளி இரண்டு.

சாவிக்காரர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குன்றின் மேல் நேற்று இருந்த தண்ணீர், இரண்டே கால் கிலோமீட்டர் மண்ணுக்குள் நடந்து, உயிரோடு இந்தக் குப்பிக்கு வந்திருக்கிறது.

பொறியாளர் ஓட்டுநரின் சீட்டை வாங்கி 'வெட்ட வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "உங்களுக்கு மெமோ வரும்ணா, அதை என்னால நிறுத்த முடியாது," என்றார்.

"வரட்டும் மேடம். வராம இருந்தாத்தான் தப்பு."

இயந்திரம் திரும்பிப் போக வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். இயந்திரம் பின்பக்கமாகத்தான் தெருவுக்குள் நுழைந்திருந்தது. வந்த வழியில், அதன் முன்னால், அதற்குள் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றுவிட்டது. தெரு பதினாலு அடி. இயந்திரம் பதினாறடி நீளம். திருப்ப முடியாது, வலக் கைத் தெருக்கள் வழியாக முழு வட்டமும் பின்பக்கமாகவே போய் வெளியேற வேண்டும். ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டான். குட்டி முன்னால் போய், "வண்டியை எடுங்க! பூந்தொட்டியை எடுங்க! நாற்காலியை எடுங்க!" என்று கத்தத் தொடங்கினான்.

கதவுகள் திறந்தன. சைக்கிளை நகர்த்த ஒருவர், கொடியில் காயும் துணியை உருவ ஒருத்தி, தள்ளுவண்டியைத் தூக்க நாலு பேர். "வலது, வலது! யோவ், என் சுவரு!" "ஒடி, ஒடி, இன்னும் ஒடி!" வீடு காலி என்று அவர் நினைத்திருந்த வாசல்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இத்தனை காலம் குழாய்க் கணக்கில் மட்டும் இருந்த 214 வீடுகளும் முகங்களாகத் தெருவுக்கு வந்துவிட்டன. மகப்பேறு மருத்துவமனை வாசலில் அக்கா நர்ஸுகளுடன் நின்று, பின்னோக்கி வரும் உறுமலைக் கேட்டு, "இன்னும் ரெண்டடி இருக்கு, வரட்டும்!" என்று கையை ஆட்டினார். ஓட்டுநர் யார் சொல்வதையும் நம்பாமல் அந்தக் கையை மட்டும் நம்பி வந்தான். இரண்டடிதான் இருந்தது.

வெட்ட வந்த இயந்திரம் வெளியேற நாற்பத்தேழு நிமிஷம் ஆனது. யாரும் உள்ளே போகவில்லை.